49 இரவு எண்ண, போனில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

மும்பை பைகுல்லாவில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அங்கிள் பெனே இஸ்ரயேல் யூதர், கொங்கணக் கரையில் பல தலைமுறையாக வாழும் யூத சமூகம். வீட்டில் மராத்தி, எங்களோடு பம்பாய் ஹிந்தி, அம்மா அரைக்கும் தக்காளிச் சட்னிக்குப் பல வருஷ ரசிகர். ஒரு பஸ்காவுக்கு (யூதர்களின் வசந்தகாலப் பண்டிகை) நான்கு நாள் முன்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்து, "பேட்டா, இதில் ஓமர் எண்ண ஏதாவது போட்டுக் கொடு, உன் ஆன்ட்டி போனதிலிருந்து ஒரு வருஷம்கூட முழுசாக முடிக்கவில்லை" என்றார். ஓமர் எண்ணுவது என்றால் பஸ்காவிலிருந்து 49 இரவு எண்ணும் யூத வழக்கம். ஆன்ட்டி இருந்தவரை சமையலறைக் காலண்டரில் பென்சிலால் 1, 2, 3 என்று பொடியாக எழுதி வைத்திருப்பார். ராத்திரி தட்டு வைப்பதற்கு முன் "எண்ணியாச்சா?" என்று ஒரே கேள்விதான், எண்ணவில்லை என்றால் தட்டு வராது. அந்த அளவுக்குக் கறாரான ஆப் எதுவும் பிளே ஸ்டோரில் கிடையாது.

ஒரு ரிமைண்டர் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதல் வருஷம் மூன்று தடவை சொதப்பியது, அதில் இரண்டு என் தப்பு. அடுத்த வருஷம் 49-ம் ஒழுங்காக ஓடியது. எப்படி என்று இங்கே எழுதி வைக்கிறேன். யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், என்னைப் போல அண்டை வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் யாருக்காவது உதவும்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பஸ்காவின் இரண்டாம் இரவு தொடங்கி, தினமும் இருட்டிய பிறகு, இன்று இத்தனையாவது நாள் என்று வாய்விட்டு எண்ண வேண்டும், மொத்தம் 49 இரவு. லேவியராகமம் 23-ம் அதிகாரம் 15, 16 வசனங்களிலிருந்து வருவது. எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் வாற்கோதுமைக் கதிரைக் கொண்டுபோய்ப் படைத்த நாளிலிருந்து ஏழு முழு வாரம் எண்ணினால், ஐம்பதாம் நாள் ஷாவுவோத் பண்டிகை. ஓமர் என்பது அந்தத் தானியத்தின் அளவு. நம் கிறிஸ்தவ நண்பர்களுக்குப் பெந்தெகொஸ்தே தெரியும், கிரேக்கத்தில் ஐம்பதாவது என்று பொருள், அதுவும் இந்த எண்ணிக்கையிலிருந்து வந்ததுதான். நமக்கு ஒரு மண்டலம் 48 நாள், இது அதற்கு மேல் ஒன்று.

இதற்கு விதிகள் நிறைய, அதில் போனில் எதை எப்படி அமைப்பது என்பதைத் தீர்மானிக்கிறவை மட்டும் சொல்கிறேன். நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது, விடியும்போது அல்ல. இருட்டியதும் நின்றுகொண்டு ஆசீர்வாதத்தை (எண்ணுவதற்கு முன் சொல்லும் சிறு ஜெபம்) சொல்லி, பிறகு எண்ண வேண்டும். இரவில் மறந்துவிட்டால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிக்கொள்ளலாம், அன்றிரவு முதல் மறுபடி ஆசீர்வாதத்தோடு தொடரலாம். இரவும் போய் அடுத்த பகலும் போய் ஒரு நாள் முழுசாக விட்டுப்போனால் மீதி நாட்களை எண்ணத்தான் வேண்டும், ஆனால் ஆசீர்வாதம் அந்த வருஷத்துக்குக் கிடையாது. எண்ணினோமா இல்லையா என்று வெறும் சந்தேகம்தான் என்றால் ஆசீர்வாதத்தோடே தொடரலாம். பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது, உங்கள் வீட்டில் வேறு மாதிரி என்றால் ஜெப ஆலயத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதி இருக்கிறது. என்னைக் கவிழ்த்தது அதுதான். ஆசீர்வாதம் சொல்வதற்கு முன் யாராவது "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டு நீங்கள் "பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டால், அதையே எண்ணியதாகக் கொள்ள இடம் உண்டு. எண்ணி முடித்ததற்கு அப்புறம் ஆசீர்வாதம் எதற்கு என்று கேள்வி வந்துவிடும். அதனால் அவர்கள் அந்த நேரத்தில் "நேற்று பதினொன்று" என்றுதான் பதில் சொல்வார்கள். கேட்டவருக்கும் கணக்குப் புரிந்துவிடும், சொன்னவருக்கும் ஆசீர்வாதம் கைவிட்டுப் போகாது. நான் என்ன செய்திருந்தேன்? ராத்திரி எட்டு மணிக்கு ரிமைண்டரில் "இன்று 12-ம் நாள்" என்று கொட்டை எழுத்தில் வர வைத்திருந்தேன். அங்கிளுக்கோ மின்சாரக் கட்டண மெசேஜிலிருந்து லோன் விளம்பரம் வரை போனில் வருவதை எல்லாம் உரக்கப் படிக்கும் பழக்கம். பன்னிரண்டாம் இரவு அடுப்படியிலிருந்து போனைப் பார்த்து "இன்று பன்னிரண்டாம் நாள்" என்று கணீரென்று படித்துவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். எண்ணுகிற நினைப்பில்லாமல் சும்மா படித்தது கணக்கில் வராது என்று சொல்பவர்களும் உண்டுதான். ஆனால் அவர் மனசு கேட்கவில்லை, அன்று ஆசீர்வாதத்தை விட்டுவிட்டார்.

அதிலிருந்து என் கொள்கை இதுதான்: போன் ஞாபகப்படுத்தலாம், இன்றைய எண்ணை மட்டும் அது சொல்லக் கூடாது. ரிமைண்டரில் "நேற்று 11, இன்னும் எண்ணவில்லை" என்று மட்டும் வைக்கவும். பேசும் ஸ்பீக்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும், ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு ஆமென் சொல்வதும் எண்ணியதில் சேராது, மனித வாய் வேண்டும். வாட்ஸாப்பில் இன்றைய எண்ணைத் தட்டி அனுப்புவது எண்ணியதாகுமா என்பதில் யூத மத குருக்களான ரபிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதனால் குடும்ப குரூப்பில் எண்ணுக்கு முன்னால் எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இப்போது நேரம். இஸ்ரேலில் அஷ்தோதில் இருக்கும் அங்கிளின் மகன் ஏற்கெனவே ஒரு ஓமர் ஆப்பை அப்பா போனில் இறக்கி வைத்திருந்தார், அது தினமும் ராத்திரி பத்து மணி சுமாருக்கு மணியடித்துக்கொண்டிருந்தது. அங்கிள் ஒன்பதரைக்கே படுத்துவிடுவார். காரணம் லேசானது, ஆப்பில் ஊர் இஸ்ரேல் என்று இருந்தது. அந்த மாதங்களில் அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அங்கே இருட்டும்போது இங்கே பத்து. எந்த ஆப் போட்டாலும் முதலில் செட்டிங்ஸில் போய் ஊரை மும்பை என்று மாற்றுங்கள். அப்படியும் நான் சொல்வேன், மும்பைக்கு நகரும் நேரம் எல்லாம் அவசியமே இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைவது 6.55 வாக்கில், மே 20-ம் தேதி வாக்கில் 7.10-ஐ ஒட்டி, ஏழு வாரத்தில் கால் மணி நேரம்தான் வித்தியாசம். அதற்கு மேல் முக்கால் மணி விட்டால் மூன்று நட்சத்திரம் தெரிகிற இருட்டு வந்துவிடும் (பைகுல்லா புகையில் மூன்று நட்சத்திரத்தை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை). ஆக தினமும் சரியாக 8 மணி, 49 நாளும் அதே 8 மணி. டெல்லியில் இருப்பவர்களுக்கு இதே காலத்தில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் நகரும், அவர்கள் எட்டேகாலாக வைத்துக்கொள்ளலாம்.

அலாரம் ஆப்பில் தினசரி 8 மணி என்று ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆனால் எத்தனையாவது நாள் என்று அதற்குத் தெரியாது. கூகுள் காலண்டரில் 49 தடவை திரும்ப வருகிற மாதிரி ஒரே நிகழ்ச்சி போட்டாலும் தலைப்பு தினமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஹெப்கால் என்ற இலவசத் தளத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்து ஓமர் நாட்களையும் சேர்த்து உங்கள் காலண்டரில் இறக்கிக்கொள்ளலாம், நல்ல தளம், நானே தேதி சரிபார்க்க அதைத்தான் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த மாதிரிக் காலண்டர்களில் ஒரு ஓமர் நாள் எந்த ஆங்கிலத் தேதியின் கட்டத்தில் வருகிறதோ, அதை எண்ணியிருக்க வேண்டியது அதற்கு முந்தின ராத்திரி. காலையில் காபியோடு காலண்டரைப் பார்த்துவிட்டு "ஓ, இன்றைக்கு ஐந்து" என்று ராத்திரி ஐந்து எண்ணினால் ஒரு நாள் பின்தங்கிவிட்டீர்கள். என் இரண்டாவது சொதப்பல் இது.

அதனால் நானே ஒரு ஷீட் செய்தேன், கால் மணி நேர வேலை. கூகுள் ஷீட்ஸில் முதல் பத்தியில் 1 முதல் 49 வரை. இரண்டாவது பத்தியில் எண்ண வேண்டிய மாலைத் தேதி. 2026-க்கு முதல் மாலை ஏப்ரல் 2, வியாழன். அதைப் போட்டுக் கீழே இழுத்தால் கடைசி வரி மே 20-ல் போய் நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் எங்கோ ஒரு வரி கூடிவிட்டது. மே 21 சாயங்காலம் ஷாவுவோத் தொடங்கிவிடும். 33-ம் நாளான லாக் பஓமெர் மே 4 ராத்திரி வரும், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்தியில் சொல்ல வேண்டிய வாக்கியம், இதை ஏழால் வகுத்து ஈவு வாரம், மீதி நாள் என்று ஃபார்முலாவிலேயே எடுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அது "0 வாரம் 3 நாள்", "2 வாரம் 0 நாள்" என்றெல்லாம் துப்பியது. முதல் ஆறு நாளுக்கு வாரமே சொல்லக் கூடாது, நாட்களை மட்டும் சொல்ல வேண்டும். 7, 14, 21 போன்ற நாட்களில் வாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில்தான் இரண்டும். அப்புறம் எபிரேயத்தில் ஒரு வேடிக்கை: 2 முதல் 10 வரை நாட்கள் என்று பன்மையில் யாமிம், 11-லிருந்து ஒருமையில் யோம். என் ஃபார்முலா எல்லாவற்றுக்கும் யாமிம் ஒட்டியிருந்தது. அங்கிள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஷீட்டைப் பார்த்து, "இது என்ன, புதுசாகப் பள்ளிக்கூடம் போகிற குழந்தை பேசுகிற மாதிரி இருக்கிறதே" என்றார். ஃபார்முலாவை விட்டுத் தள்ளுங்கள், 49 வரிதான், ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் தட்டிவிடுங்கள். எபிரேயம் வராதவர்கள் தங்களுக்குப் புரிகிற மொழியில் எண்ணலாம், மராத்தி, தமிழ் எதுவானாலும் செல்லும்.

நான்காவது பத்தி ரிமைண்டருக்கான தலைப்பு, அதில்தான் "நேற்று 11, இன்னும் எண்ணவில்லை" வரும். முதல் இரவுக்கு நேற்று என்று ஒன்று கிடையாதே, அதற்கு "இன்று தொடக்கம்" என்று எழுதிவிடுங்கள். இந்தப் பத்தியையும் தேதியையும் 8 மணி நேரத்தையும் மட்டும் தனித் தாளில் ஒட்டி, மேல் வரியில் சப்ஜெக்ட், ஸ்டார்ட் டேட், ஸ்டார்ட் டைம் என்ற மூன்று தலைப்பையும் ஆங்கில எழுத்தில் போட்டு, சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். தேதியில் மாதம் முதலில் வர வேண்டும், நம் வழக்கப்படி நாளை முதலில் போட்டால் ஏப்ரல் 2 அழகாகப் பிப்ரவரி 4-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்செல்லில் செய்து சேமித்தால் தமிழும் மராத்தியும் சில சமயம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், ஷீட்ஸிலிருந்து இறக்கினால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து (போன் ஆப்பில் இதற்கு வழி இல்லை) ஓமர் என்ற பெயரில் புதிதாக ஒரு காலண்டர் தொடங்கி, செட்டிங்ஸில் இம்போர்ட் போய் கோப்பை அதற்குள் ஏற்றுங்கள். உங்கள் சொந்தக் காலண்டருக்குள் நேரடியாக ஏற்றாதீர்கள், தப்பு நடந்தால் 49-ஐயும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டும், தனிக் காலண்டர் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றலாம். நான் மூன்று தடவை தூக்கிப் போட்டேன். கடைசியாக அந்தக் காலண்டரின் செட்டிங்ஸில் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்திலேயே அறிவிப்பு வரும்படி வையுங்கள், போனில் அது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் காலண்டர் ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு நிமிஷம் கழித்து வருகிற மாதிரி சோதனைக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பெருமையாகக் கீழே போனால் அங்கிள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளிக்கிழமை ராத்திரி?"

சாபத் (வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி இருட்டும் வரை யூதர்களின் ஓய்வு நாள்) அன்று போனைத் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், பஸ்காவின் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் அதே கதைதான். 2026 கணக்கைப் போட்டுப் பார்த்தால் 49 இரவில் 10 இரவு போன் கிடையாது: 1, 2, 6, 7, 9, 16, 23, 30, 37, 44. அதாவது எண்ணிக்கை தொடங்குகிற இரவிலேயே போன் அலமாரிக்குள் இருக்கும். சாபத் அனுசரிக்கும் வீட்டுக்கு எந்த ஆப்பும் தனியாக முழுத் தீர்வு கிடையாது, காகிதம் ஒன்று வேண்டும்.

எனக்கு உடனே தோன்றியது நம் தினசரிக் காலண்டர். ஊரிலிருந்து வருஷா வருஷம் வரும் சிவகாசிக் காலண்டர் அம்மாவின் சமையலறையில் தொங்குகிறது, காலையில் எழுந்ததும் கிழிப்பது ஒரு சுகம். அதே மாதிரி 49 தாள் கட்டி மாட்டிவிடலாமே என்றேன். அங்கிள் சிரித்துவிட்டார். கிழிப்பதும் சாபத்தில் ஆகாதாம். ஆனால் புரட்டலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஷீட்டில் இருந்த வாக்கியங்களை ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று பிரிண்ட் எடுத்து, ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் அடித்து, மேலே ஸ்பைரல் போட்டு, மேசைக் காலண்டர் போல நிற்க வைத்தேன். ஒவ்வொரு அட்டையிலும் நடுவில் பெரிய எண், அதன் கீழே தேவநாகரி எழுத்தில் எபிரேய வாக்கியம். பன்னிரண்டாவது அட்டையில் "ஹயோம் ஷ்னேம் அசார் யோம் லாஓமெர், ஷெஹேம் ஷாவுவா எஹாத் வஹமிஷா யாமிம்" என்று இருக்கும், இன்று ஓமரில் பன்னிரண்டு நாள், அதாவது ஒரு வாரமும் ஐந்து நாட்களும். பின்பக்கம் ஆசீர்வாதம், எல்லா அட்டைக்கும் ஒன்றுதான். எழுத்து 28 அளவுக்குக் குறையாமல் வையுங்கள், வெள்ளி இரவு சாப்பாட்டு மேசை வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

அட்டைக்கு ஒரே ஒரு சட்டம்: ஆசீர்வாதத்தைச் சொல்லி எண்ணும்போது மட்டும்தான் புரட்ட வேண்டும், முன்கூட்டியும் கூடாது, காலையில் நிதானமாகவும் கூடாது. அப்படிச் செய்தால் மேசையில் தெரியும் எண்தான் கடைசியாக எண்ணிய எண். சனிக்கிழமை காலையில் "ராத்திரி எண்ணினேனா?" என்று முழித்தால் அட்டையைப் பார்த்தால் போதும், பேனா வேண்டாம், போன் வேண்டாம். இது போனில் டிக் அடிப்பதைவிட நன்றாக வேலை செய்ததை நான் ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. வீட்டுக்கு வருகிற பேரப்பிள்ளைகள் கை வைத்துப் புரட்டிவிடாத உயரத்தில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குப் போனின் வேலை வேறு. மாலை 5.30-க்கு ஒரு ரிமைண்டர்: "அட்டையை மேசையில் வை." மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் அங்கிள் அதை கித்தூஷ் (சாபத் இரவில் திராட்சரசத்தின் மேல் சொல்லும் ஜெபம்) கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனை அணைத்து அலமாரியில் போட்டுவிடுவார். அந்த 10 இரவுகளின் 8 மணி ரிமைண்டரை ஷீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன், அணைக்க மறந்த போன் சாபத் மேசையில் மணியடித்துக்கொண்டே இருப்பதும் அணைக்க முடியாமல் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதும் நன்றாக இருக்காது. அந்தப் பத்துக்கும் பதிலாக மாலை 5.30 வரி. ஆனால் முதல் இரவுக்கும் ஆறாம் இரவுக்கும் அடுத்த நாளும் போன் கிடையாது என்பதால், இரண்டு இரவுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஞாபகப்படுத்த வேண்டும். 2026-ல் ஏப்ரல் 1 மாலையே பஸ்கா தொடங்கிவிடுகிறது, அன்று அணைத்த போனை ஏப்ரல் 4 சனி இருட்டிய பிறகுதான் தொட முடியும், ஆக தொடக்க ரிமைண்டரை ஏப்ரல் 1 மதியத்துக்கு வையுங்கள். சனி இரவுகளில் கவலை குறைவு, அங்கிள் நடந்தே போகிற தூரத்தில் மாகேன் டேவிட் ஜெப ஆலயம் இருக்கிறது, டேவிட் சசூன் என்ற வணிகர் கட்டிய அந்த 1864 நீலக் கட்டடம், தொழுகைக்குப் போன அன்று கூட்டத்தோடு எண்ணிவிட்டுத்தான் வருவார்.

இன்னொரு ரிமைண்டர் பகலுக்கு, மாலை 5 மணிக்கு. யாரும் இதைப் போடுவதில்லை, ஆனால் வருஷத்தைக் காப்பாற்றுவது இதுதான். "அட்டை நேற்றிரவின் எண்ணைக் காட்டுகிறதா?" காட்டவில்லை என்றால் பொழுது சாய இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிவிட்டு ராத்திரி வழக்கம் போலத் தொடரலாம். இரண்டாவது வருஷம் 26-ம் நாள் ஒரு கல்யாண நிச்சயப் பேச்சுக்கு (அந்த வாரங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பேசலாம்) தாணே போய் நள்ளிரவில் திரும்பி அப்படியே தூங்கிவிட்டார், மறுநாள் இந்த 5 மணி ரிமைண்டர்தான் பிடித்தது.

மகனோடு வீடியோ கால் பேசுவதையும் ஒழுங்குபடுத்தினோம். இங்கே 8 மணி என்றால் அங்கே 5.30, வெயில் இன்னும் அடிக்கும், அவருக்கு இன்னும் முந்தின நாள்தான் நடக்கிறது. "பாபா, இன்று எத்தனை?" என்று அவர் கேட்க, இருவருக்கும் வேறு வேறு எண் வர, கொஞ்ச நாள் ஒரே குழப்பம். இப்போது கால் 8.15-க்கு, அங்கிள் எண்ணி முடித்துவிட்டு எடுப்பார், அட்டையை கேமரா முன்னால் காட்டுவார், மகன் "நேற்று இத்தனை" என்று தன் கணக்கைச் சொல்வார். மூன்றாவது சொதப்பல் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது முதல் வருஷம் இந்த கால் 7.50-க்கு, அங்கிள் எண்ணுவதற்கு முன்பே வந்ததால் நடந்தது, அதை என் தலையில் கட்ட முடியாது.

2027-க்கு ஷீட்டில் முதல் தேதியை ஏப்ரல் 22 என்று மாற்றினால் போதும், அதுவும் வியாழக்கிழமைதான், போன் இல்லாத அந்தப் பத்து எண்களும் அப்படியே பொருந்தும். பழைய ஓமர் காலண்டரை அழித்துவிட்டுப் புதிய கோப்பை ஏற்றுங்கள். அட்டைகளில் தேதி போடவில்லை, அதனால் அவை எந்த வருஷத்துக்கும் ஆகும். எங்கள் அட்டைக்கட்டில் 14-ம் எண் மேல் மட்டும் தக்காளிச் சட்னிக் கறை இருக்கிறது, அதை மறுபடி பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றதற்கு அங்கிள் வேண்டாம் என்றுவிட்டார்.